பாடசாலை யாருடையது? கன்னங்கரா பேசி முடித்ததும் முடிக்காமல் விட்டதும்

வடக்கு கிழக்கில் ஒரு பாடசாலையின் கூரை பறந்துபோனால் முதல் தொலைபேசி அழைப்பு கனடாவுக்கோ இலண்டனுக்கோதான் போகிறது. பழைய மாணவர் சங்கம் காசு சேர்க்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கணக்கு எழுதும். ஆனால் அதிபராக யார் வருவது, கணித ஆசிரியரை எப்போது இடம் மாற்றுவது, பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கூடத்தை மூடுவதா இன்னொன்றோடு சேர்ப்பதா என்ற கேள்விகளில் கூரை போட்டவர்களுக்குப் பேச்சில்லை. அவை வலயக் கல்விப் பணிமனைக்கும் மாகாணத் திணைக்களத்துக்கும் கடைசியில் கொழும்புக்கும் போய்விடும். இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று தேடிப்போனால் ஒரு பழைய சட்டத்தில் போய் நிற்போம். 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் அது. பல தடவை திருத்தப்பட்டாலும் இந்த நாட்டின் பாடசாலைக் கல்வி இன்றைக்கும் அதன்மேல்தான் நிற்கிறது. அது நிறைவேறியபோது கல்வி அமைச்சராக இருந்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா.

எங்கள் பிள்ளைகள் அவரை ஒரு வரியில் படிக்கிறார்கள்: இலவசக் கல்வியின் தந்தை. பரீட்சைக்கு அது போதும். ஆனால் 16 வருடங்கள் கல்வி அமைச்சராக இருந்த அந்த மனிதர் தன் நேரத்தில் பெரும் பகுதியைச் செலவிட்டது, ஊரவரும் மதச் சபைகளும் கட்டிய பாடசாலைகளை அரசு எந்த நிபந்தனையில் நடத்துவது என்ற இழுபறியில். தமிழர்களாகிய நாங்கள் அந்த இழுபறியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் எங்கள் பாடசாலைகளும் இருந்தன.

கிறிஸ்தோபர் வில்லியம் விஜேகோன் கன்னங்கரா 1884 ஒக்டோபர் 13ஆம் திகதி அம்பலாங்கொடைக்குப் பக்கத்திலுள்ள ரந்தொம்பை என்ற கிராமத்தில் பிறந்தார். ஊரிலிருந்த மெதடிஸ்த மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தார். ஒரு பரிசளிப்பு விழாவுக்கு காலி ரிச்மன்ட் கல்லூரியின் அதிபர் ஜேம்ஸ் ஹொரஸ் டரல் வந்திருந்தார். ஒரே பையன் திரும்பத் திரும்ப மேடைக்கு வந்து பரிசு வாங்கியதைப் பார்த்த டரல், இதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோக உனக்கு வண்டில்தான் பிடிக்க வேண்டும் என்று பகிடியாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. பையன் புலமைப்பரிசில் பெற்று ரிச்மன்டுக்குப் போனான். அந்தப் பரிசளிப்புக்கு டரல் வராமல் விட்டிருந்தால் கன்னங்கரா என்ற பெயரை நாங்கள் கேள்விப்பட்டிருப்போமோ தெரியாது. அக்காலத்தில் ஆங்கிலக் கல்விக்குக் கட்டணம் கட்ட வேண்டும். தாய்மொழிப் பள்ளிகளில் கட்டணமில்லை, ஆனால் அவற்றிலிருந்து மேலே போக வழியும் இல்லை. கிராமத்துப் பிள்ளை ஒன்று மேலே வருவதற்கு அதிர்ஷ்டம் வேண்டியிருந்தது.

படிப்பு முடிந்ததும் அதே ரிச்மன்டில் கணிதம் படிப்பித்தார். 1906இல் நெருப்புக் காய்ச்சல் பரவியபோது, விடுதி மாணவர்களைப் பராமரித்த டரல் அதே நோயில் இறந்துபோனார். கன்னங்கரா பின்னர் மொறட்டுவையிலும் கொழும்பு வெஸ்லி கல்லூரியிலும் படிப்பித்து, சட்டம் படித்து, 1910இல் புறொக்டரானார். 1911இல் படித்த இலங்கையருக்கென்று சட்டசபையில் ஒதுக்கப்பட்ட ஒரேயொரு ஆசனத்துக்குத் தேர்தல் நடந்தபோது அவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்காக வேலை செய்தார். சிங்களப் பெரும்பான்மை வாக்காளர் தமிழரான இராமநாதனைத் தெரிவு செய்த தேர்தல் அது. அப்படியும் ஒரு காலம் இருந்தது. 1915 கலவரத்தின் பின் கைதானவர்களுக்காக வழக்காடினார். 1923இல் சட்டசபை உறுப்பினரானார், 1930இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைவரானார்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு வந்தது. அரசாங்க சபை உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தெரிவு செய்தது. அந்தத் தலைவரே அமைச்சர். காலித் தொகுதியில் வென்று வந்த கன்னங்கரா கல்விக் குழுவின் தலைவரானார். இந்த முறையை இன்று யாரும் பெரிதாக நினைவுவைத்திருப்பதில்லை. கல்வி அமைச்சர் தன் குழுவிலிருந்த மற்ற உறுப்பினர்களைச் சம்மதிக்க வைக்காமல் ஒரு முக்கிய முடிவும் எடுக்க முடியாது. வேறு இனத்தவர், வேறு மதத்தவர், எதிர்க்கருத்துக்காரர் எல்லோரும் அதே மேசையில் இருந்து அதே கோப்புகளைப் பார்த்தார்கள்.

அந்த மேசையில் யாழ்ப்பாணம் முதலில் இருக்கவில்லை. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசின் அழைப்பில் 1931 தேர்தல் பகிஷ்கரிக்கப்பட்டு வடக்கின் நான்கு தொகுதிகள் காலியாகவே கிடந்தன. 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை, பாடசாலைகள் பற்றிய பேச்சு எங்கள் ஆட்கள் இல்லாமலே நடந்தது. சுயராச்சியம் கேட்ட பகிஷ்கரிப்பின் நோக்கம் பெரியதுதான். அதற்கு நாங்கள் கொடுத்த விலையும் சின்னதல்ல.

இழுபறி எங்கே தொடங்கியது என்பதற்குக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவான பின்னர் அரசு தானாகப் பள்ளி நடத்துவதோடு, பிறர் நடத்தும் பள்ளிகளுக்கு உதவி நன்கொடையும் கொடுத்தது. நன்கொடையில் பெரும் பங்கு கிறிஸ்தவ மிஷன்களுக்குப் போனது. ஏற்கனவே ஒரு பள்ளி இருக்கும் இடத்துக்குக் கிட்ட இன்னொன்றைத் திறந்தால் உதவியில்லை என்ற தூர விதியும் வந்தது. முந்தி வந்தவர் மிஷனரி என்பதால் பிந்தி வந்த சைவருக்கும் பௌத்தருக்கும் அது பூட்டுப் போட்ட கதவாயிற்று. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்கு அரசின் உதவி கிடைத்தது 1870இல். இருபத்திரண்டு வருடம். 1923இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கம், இந்து போர்ட் இராசரத்தினம் என்று ஊரே அழைத்த சு. இராசரத்தினத்தின் உழைப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடசாலைகளை நடத்திய கதையும் இந்தப் பூட்டை உடைத்த கதைதான். பிடியரிசி சேர்த்தும் காணி கொடுத்தும் கட்டிய பள்ளிகள் அவை.

ஆகவே ஊர்ப் பள்ளிக்கூடம் என்றால் நல்லது, அரசு என்றால் கெட்டது என்று சொல்லிவிடலாமா? முடியாது. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்க வேண்டும் என்று கல்வித் திணைக்களம் பணித்தபோது, 1929, 1930 ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. பாடசாலைகள் எரிக்கப்பட்டன. பணிப்பைத் திரும்பப் பெறும்படி அரசுக்கு மனுக்களும் போயின. அதுவரை அந்தப் பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள், அல்லது வாசலுக்கு வெளியே நின்றார்கள், பல பள்ளிகளில் சேர்க்கப்படவே இல்லை. சமூகம் நடத்தும் பள்ளி என்றால் சமூகத்தில் யார் நடத்துவது என்ற கேள்வியை அந்த வாங்குகள் கேட்டன.

ஆசிரியர்களுக்கும் முறைப்பாடு இருந்தது. அவர்களை நியமிப்பவரும் விலக்குபவரும் மனேஜர் என்று அழைக்கப்பட்ட முகாமையாளர். முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டுக் குறைத்து வாங்கிப் போக வேண்டியிருந்தது என்பது பரவலாகப் பேசப்பட்ட குறை. அரச நன்கொடை முகாமையாளரின் கைவழியாக வந்ததால் அவரிடம் கணக்குக் கேட்கும் துணிவு படிப்பிக்கிறவருக்கு இல்லை. ஆசிரியர் சங்கங்கள் வலுப்பெற்றதற்கும், ஹன்டி பேரின்பநாயகம் போன்ற யாழ்ப்பாண ஆசிரியர்கள் இலவசக் கல்வியின் பக்கம் நின்றதற்கும் இந்த அனுபவம் ஒரு காரணம்.

இப்படி இரண்டு பக்கமும் கறை படிந்த ஒரு பிணக்குத்தான் கன்னங்கராவின் மேசைக்கு வந்தது. 1936இல் மத்துகமத் தொகுதியிலிருந்து மீண்டும் தெரிவாகி மீண்டும் கல்வி அமைச்சரானார். அந்த முறை அமைந்த அமைச்சரவை தனிச் சிங்கள அமைச்சரவை. ஒரு தமிழர்கூட அமைச்சராக வராதபடி குழுக்களின் எண்ணிக்கையைக் கணக்குப் பார்த்து ஒழுங்கு செய்தார்கள். கன்னங்கராவும் அதில் ஒருவராகவே இருந்தார். 1942இல் அ. மகாதேவா சேர்க்கப்படும்வரை அந்த நிலை நீடித்தது. அவரை நல்லவராகக் காட்ட வேண்டும் என்பதற்காக இதை மறைக்கத் தேவையில்லை.

1939ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடுத்த ஆண்டு அவர் ஒரு விசேட குழுவை அமைத்தார். பல்கலைக்கழகத் தலைவர் ஐவர் ஜெனிங்ஸ் போன்ற கல்வியாளர்களும் அரசாங்க சபை உறுப்பினர்களும் பாடசாலைச் சபைகளோடு தொடர்புள்ளவர்களும் அதில் இருந்தார்கள். உலக யுத்தத்துக்கு நடுவே குழு சாட்சியங்களைக் கேட்டது. 1943இல் அறிக்கை அச்சாகி வெளிவந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை கட்டணமில்லாத கல்வி, ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியில் போதனை, ஆசிரியர் சம்பளத்தை அரசே நேரே கொடுத்தல் என்பவை அதன் சாரம். இலவசக் கல்வி என்ற யோசனை கன்னங்கரா ஒருவரின் தலையில் மட்டும் உதித்ததல்ல, குழுவுக்குள் நடந்த வாதங்களிலிருந்து எழுந்தது. ஆனால் எழுந்த பிறகு அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர்.

1944 மே 30ஆம் திகதி அவர் அதை அரசாங்க சபையின் முன் வைத்தார். எதிர்ப்பு பல பக்கத்தால் வந்தது. எல்லோரும் படித்தால் தோட்டத்தில் வேலை செய்ய யார் இருப்பார் என்று கேட்ட செல்வந்தர்கள் ஒரு வகை. அவர்களை விட்டுவிடலாம். மதிக்கத்தக்க எதிர்ப்பு கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்தும் மிஷன் கல்லூரிகளிலிருந்தும் வந்தது. கொழும்பு சென் ஜோசப் கல்லூரி அதிபர் பீற்றர் பிள்ளை அடிகளார் அதன் கூர்மையான குரல். சம்பளத்தை அரசு கொடுக்கத் தொடங்கினால் நாளைக்கு ஆசிரியரையும் அரசே தெரிவு செய்யும், நாளை மறுநாள் கட்டடத்தையும் எடுத்துக்கொள்ளும் என்பதே அவர்களின் பயம். அன்று அதைக் கேட்டவர்களுக்கு அது பழைய சலுகையைக் காப்பாற்றும் சாட்டுப் போலத் தெரிந்திருக்கும். பதினேழு வருடத்துக்குள் அந்தப் பயம் ஒவ்வொன்றாக நடந்தது.

கன்னங்கரா இதை எப்படிக் கையாண்டார் என்பது கவனிக்கத்தக்கது. அவர் பறிக்கவில்லை. 1945 ஒக்டோபர் முதலாம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, உதவி நன்கொடை பெற்ற ஆங்கிலப் பாடசாலைகளுக்குத் தெரிவு விடப்பட்டது. திட்டத்துக்குள் வந்தால் கட்டணம் அறவிடக்கூடாது, ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும், முகாமைத்துவம் பழைய கையிலேயே இருக்கும், காணியும் கட்டடமும் கட்டியவர்களுக்கே சொந்தம். வராமல் வெளியே நிற்கலாம், ஆனால் அரச உதவி தொடர்ந்து கிடைக்காது. முடிவெடுக்கும் காலக்கெடு ஒரு தடவைக்கு மேல் நீடிக்கப்பட்டது, அவர் அமைச்சர் பதவியை விட்ட பின்னரும்கூட. 1951 அளவில் மிகச் சில கல்லூரிகள் தவிர மற்றவை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. கடும் எதிர்ப்பிருந்த ஒரு மாற்றத்தை, அறிக்கை அச்சடித்து, சபையில் வாதாடி, தவணை கொடுத்து நிறைவேற்றியது பெரிய காரியம்தான்.

மொழியிலும் தமிழர் பக்கம் சும்மா இருக்கவில்லை. சிங்களத்தை மட்டும் கல்விக்கும் ஆட்சிக்கும் மொழியாக்கும் பிரேரணையை ஜே. ஆர். ஜயவர்த்தன கொண்டுவந்தபோது, தமிழையும் சேர்க்கும் திருத்தத்தை வ. நல்லையா முன்வைத்தார். 1944இல் அது ஏற்கப்பட்டது. அரசாங்க சபையில் கேட்டு வாங்கக்கூடிய இடம் இன்னும் இருந்தது.

கட்டணத்தை ஒழித்ததோடு அவர் நிற்கவில்லை. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளைக் கட்டினார். ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் எடுத்த பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கலாம். ரந்தொம்பைப் பையனுக்குத் தற்செயலாகக் கிடைத்த ரிச்மன்டை எல்லா மாவட்டத்துக்கும் கொடுக்கப் பார்த்தார் என்று சொல்லலாம். அவர் பதவிக்காலத்தின் முடிவில் இப்படி 54 கல்லூரிகள் இருந்தன. மட்டக்களப்பின் வந்தாறுமூலை மத்திய கல்லூரி அவற்றில் ஒன்று. 1981இல் அந்த வளவில்தான் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது, பின்னர் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1990 செப்டெம்பரில் அங்கே தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவில்லை. வந்தாறுமூலை என்று எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் கடந்துபோக முடியவில்லை.

அவருடைய திட்டம் எட்டாத இடம் மலையகம். தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. ஒரு அறை, ஒரு ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அந்த மக்களின் குடியுரிமையும் வாக்கும் 1948, 1949இல் பறிக்கப்பட்ட பின் அவர்களுக்காகப் பேரம் பேசச் சபையில் ஆளும் இல்லாமற் போயிற்று.

1947 தேர்தலில், இவ்வளவும் செய்த மனிதரை மத்துகம மக்கள் தோற்கடித்தார்கள். வென்றவர் வில்மட் பெரேரா. தோல்வியைவிட எங்களுக்கு முக்கியமானது அதே ஆண்டில் நடந்த இன்னொன்று. சோல்பரி அரசியலமைப்போடு நிர்வாகக் குழு முறை ஒழிந்தது. கல்வி அமைச்சர் இனிப் பிரதமருக்கும் அமைச்சரவைக்கும் பதில் சொன்னால் போதும். பாடசாலைச் சபைகளோடு கன்னங்கரா செய்த ஏற்பாடு, குழு மேசை ஒன்று இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது. மேசை போனது, ஏற்பாடு மட்டும் மிஞ்சியது. நிபந்தனைகளை மாற்றுவதற்கு முன் மறு தரப்பைக் கேட்க வேண்டும் என்று அரசைக் கட்டும் வலுவான பிடி ஒன்றும் அதில் இருக்கவில்லை. அவர் விட்ட பெரிய குறை இதுதான் என்பது என் எண்ணம். தன்னைப் போன்றவர்களே எப்போதும் அந்தக் கதிரையில் இருப்பார்கள் என்று நினைத்துவிட்டார் போலும்.

1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் அதைக் காட்டியது. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளின் முகாமைத்துவத்தை அரசிடம் கொண்டுவந்தது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் காணி, கட்டடங்களையும் நட்டஈடு இல்லாமல் எடுத்துக்கொண்டது. இரண்டாயிரத்துக்கும் அதிகமான பாடசாலைகள் கைமாறின. கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிகளுக்குள் இருந்து மறியல் செய்தும் பலனில்லை. யாழ்ப்பாணத்தில் சென் ஜோன்ஸ், சென் பற்றிக்ஸ், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி ஆகியன தனியாகவே நின்றுகொள்ளத் துணிந்தன. கட்டணம் அறவிட அனுமதியில்லை, அரச உதவியும் இல்லை. எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய கதை. யாழ் மத்திய கல்லூரி, ஹாட்லி, யாழ் இந்து எல்லாம் அரசிடம் போயின. சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பாடசாலைகளும் போயின. அப்போது பலர் அதை வரவேற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சாதி பார்த்துக் கதவடைத்த முகாமையாளர்களிடமிருந்து விடுதலை என்று நினைத்தவர்களுக்கு அதற்கான நியாயம் இருந்தது.

ஆனால் சுவீகரிப்பு நடந்த காலத்தைப் பாருங்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டம், 1958இல் கலவரம், 1961இல் சத்தியாக்கிரகம். பிடியரிசியில் கட்டிய பள்ளிக்கூடத்தின் சாவி, அந்த ஊரின் மொழியில் கடிதம் எழுத மறுத்த அரசின் கைக்குப் போனது. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் பாடசாலைகளை மாகாண சபைக்குக் கொடுத்தது, தேசிய பாடசாலை என்ற பெயரில் பெரிய கல்லூரிகள் கொழும்பிடமே இருந்துகொண்டன. 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்த பிறகு, மாகாணப் பாடசாலைகள் பற்றிக் கேள்வி கேட்க மக்கள் தெரிவு செய்த சபையும் இல்லாமற் போயிற்று. ஆளுநர் இருக்கிறார், செயலாளர் இருக்கிறார். கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உள்ளவர் யார் என்று பெற்றோருக்குத் தெரியவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இடம்பெயர்ந்து மரத்தடியில் வகுப்பு நடந்தபோதும் சம்பளம் அரசிலிருந்துதான் வந்தது. 2009இல் செட்டிகுளம் முகாம்களின் முட்கம்பிக்குள் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். எல்லாம் இழந்த குடும்பத்திடம் பள்ளிக் கட்டணம் கேட்க ஒருவரும் வரவில்லை. அந்தக் கடன் கன்னங்கராவுக்கு உண்டு. அதை மறுக்கிற தமிழர் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

தோல்விக்குப் பின் கன்னங்கரா சில காலம் இந்தோனேசியாவில் இலங்கையின் தூதுவராக இருந்தார். 1952இல் அகலவத்தையிலிருந்து பாராளுமன்றம் வந்தார். கல்வியை அவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை, உள்ளூராட்சி அமைச்சைக் கொடுத்தார்கள். 1956இல் அரசியலை விட்டு ஒதுங்கினார். பணம் சேர்க்கத் தெரியாதவர். முதுமையில் கஷ்டப்பட்டார், அரசு மாதாந்தக் கொடுப்பனவு ஒன்றை வழங்க வேண்டியிருந்தது. 1969 செப்டெம்பர் 23ஆம் திகதி தனது 84ஆவது வயதில் காலமானார். அடுத்த வருடம் பதியுதீன் மஹ்மூத் மீண்டும் கல்வி அமைச்சரானார். பல்கலைக்கழக அனுமதியில் தமிழ்மொழி மூல மாணவருக்குக் கூடிய வெட்டுப்புள்ளி வந்தது. அதற்குப் பாராளுமன்றத்தில் ஒரு சட்டம்கூடத் தேவைப்படவில்லை.